இரவு வானத்துக்கு ஏற்ற சாம்யாங் 14 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ்

பால்வழியையும் அதன் கீழுள்ள மலைமுகட்டையும் ஒரே படத்தில் அடக்க விரும்புவோருக்கு, தென்கொரிய நிறுவனமான சாம்யாங்கின் 14 மி.மீ. எஃப்/2.8 மேனுவல் லென்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஃபுல் ஃபிரேம் கேமராவில் மூலைக்கு மூலை ஏறத்தாழ 115 பாகை வானம் இதில் விழுகிறது.

ஃபோகஸையும், ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரையும் கையால்தான் திருப்ப வேண்டும் என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். வானத்தைப் படமெடுப்பவருக்கு அதுவே இதன் பெரும் பலம். மோட்டாரால் ஃபோகஸ் நகரும் புதிய லென்ஸ்கள் பலவற்றில், கேமராவை ஒருமுறை அணைத்தாலே நாம் பாடுபட்டு நிறுத்திய இடம் கலைந்துவிடும். இதிலோ வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் விடியும்வரை அது நகராது. மின்தொடர்பு இல்லாத பதிப்பை மிரர்லெஸ் கேமராவில் பொருத்துவோர், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். அபெர்ச்சர் அளவும் கோப்பில் பதிவாகாது என்பதால் நான் சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறேன்.

எந்த நிறுவனத்தின் லென்ஸானாலும், வளையத்தில் பொறித்திருக்கும் முடிவிலிக் குறி ஏறக்குறைய எங்கே தேட வேண்டும் என்பதை மட்டுமே காட்டும். கடந்த மே மாதம் அமாவாசையை ஒட்டி, காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலையில், இரவு பத்தரை மணிக்கு, கேட்டை (அன்டாரெஸ்) என்ற பிரகாசமான விண்மீன் வானில் நன்றாக மேலேறிய பிறகு ஃபோகஸ் செய்தேன். கேமராத் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி வளையத்தை மயிரிழையளவாக நகர்த்தும்போது, சட்டைப் பொத்தான் போல உப்பியிருந்த கேட்டை மெல்லச் சுருங்கி ஒரு புள்ளியானது. அதுவரை கண்ணில் படாத மங்கலான விண்மீன்கள் அதைச் சுற்றித் தோன்றின. அந்த மங்கல் விண்மீன்கள்தான் நம்பகமான அடையாளம். அந்த இடத்தைச் சற்றுக் கடந்து போய், மீண்டும் திரும்பி வந்து உறுதி செய்த பிறகே டேப் ஒட்ட வேண்டும். நள்ளிரவுக்குப் பின் குளிர் இறங்கும்போது லென்ஸின் உடல் சுருங்கக்கூடும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எஃப்/2.8, 20 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்பது முக்காலியில் நான் வைக்கும் அளவு. அப்போது ஓரங்களில் உள்ள விண்மீன்கள் சிறு இறக்கை விரித்தாற்போல் தெரியும். எஃப்/4-க்குக் குறைத்தால் அவை ஒடுங்கும், ஆனால் ஒளி பாதியாகிவிடும். ஆகவே வானத்தின் நகர்வுக்கேற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் இருந்தால் மட்டுமே எஃப்/4 வைக்கிறேன்.

முன்கண்ணாடி குமிழ் போலப் புடைத்திருப்பதால் ஃபில்டர் திருக முடியாது; பனி படியாமலிருக்க வெப்பப் பட்டை சுற்றியே ஆக வேண்டும். கோபுரத்தையோ கட்டடத்தையோ முன்னணியில் வைப்போர், நேர்கோடுகள் மீசை போல வளைவதை மென்பொருளில் இந்த லென்ஸுக்குரிய புரொஃபைலைக் கொண்டு திருத்த வேண்டியிருக்கும்.