ஐந்து விரலா, வேலை செய்யும் நான்கு விரலா?

பெருவிரல் வளராமல் அல்லது இல்லாமலே பிறந்த பிள்ளைக்கு எந்தச் சத்திரசிகிச்சை நல்லது என்று கேட்பதற்கு முன், அந்த விரலின் அடிமூட்டு, அதாவது மணிக்கட்டோடு சேரும் மூட்டு, உறுதியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

வைத்தியர்கள் பிளாவுத் வகைப்பாட்டின்படி இதை ஐந்தாகப் பிரிப்பார்கள். முதல் வகையில் விரல் கொஞ்சம் சிறிது, அவ்வளவுதான். பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவையில்லை. இரண்டாம் வகையிலும், மூன்றாம் வகையின் ‘ஏ’ பிரிவிலும் அடிமூட்டு நிலையாக இருக்கும். இருக்கிற விரலைச் சீர்செய்வதுதான் இங்கே வழி. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இறுகிய தோலை விரிப்பார்கள், தளர்ந்த நடுமூட்டை இறுக்குவார்கள், சின்னவிரல் பக்கத்துத் தசையையோ மோதிரவிரலின் தசைநாணையோ கொண்டுவந்து பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே வரவைப்பார்கள்.

சிக்கல் தொடங்குவது மூன்றாம் வகையின் ‘பி’ பிரிவில். அங்கே அடிமூட்டு உறுதியாக இல்லை. நான்காம் வகையில் விரல் தோலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகையில் விரலே இல்லை. இந்த மூன்றுக்கும் உலகெங்கும் அதிகம் செய்யப்படுவது, உறுதியற்ற பெருவிரல் இருந்தால் அதை அகற்றிவிட்டு, சுட்டுவிரலைப் பெருவிரலாக்குவது. சுட்டுவிரலைத் துண்டித்து ஒட்டுவதில்லை. நரம்பும் இரத்தக்குழாயும் அறுபடாமல், என்பைக் குறுக்கி, விரலைத் திருப்பி மற்ற விரல்களுக்கு எதிரே நிறுத்துகிறார்கள். பல இடங்களில் ஒன்று இரண்டு வயதுக்குள் முடித்துவிடுகிறார்கள்.

“தொங்கினாலும் இருக்கட்டுமே, ஏன் பிள்ளைக்கு நாலு விரல்?” என்று வெள்ளவத்தையில் ஒரு அம்மம்மா கேட்டால், அதை அறியாமை என்று தள்ள மாட்டேன். ஐந்து விரலும் வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் ஆசிய நாடுகளில் நிறைய. அவர்களுக்காகவே காலின் இரண்டாம் விரலிலிருந்து மூட்டை எடுத்துப் பெருவிரலின் அடியில் பொருத்தும் முறை உண்டு. ஐந்தாம் வகைக்கு இது பொருந்தாது. எண்ணிக்கை ஐந்தாகவே நிற்கும், சரி. ஆனால் நுண்ணிய குழாய்களை இணைக்கும் நீண்ட வேலை, காலிலும் தழும்பு, ஒன்றுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சை. விரலும் பெரும்பாலும் மெலிந்தே இருக்கும்.

என் கட்சி சுட்டுவிரல் பக்கம்தான். காரணத்தைப் பிள்ளையின் கையிலேயே பார்க்கலாம். உறுதியற்ற பெருவிரலை ஒதுக்கிவிட்டு, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிஸ்கட்டைப் பிடிக்கும் பிள்ளை எந்த விரலை நம்புகிறது என்று ஏற்கெனவே காட்டிவிட்டது. சோறு பிசைய, பட்டன் போட, பென்சில் பிடிக்க எதிரே நின்று அழுத்தும் ஒரு விரல் வேண்டும். ஆனால் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். பிடியின் பலம் இயல்பான கையை விடக் குறைவாகவே இருக்கும். முன்கையில் பெருவிரல் பக்கத்து ஆரை என்பும் குறைந்து, சுட்டுவிரல் விறைத்திருந்தால் பலன் இன்னும் குறையும். அந்த விறைப்பைப் பற்றி வைத்தியரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரச வைத்தியசாலை என்பதால் அங்கே சிகிச்சை இலவசம். தனியாரிடம் போனாலும் கைச் சத்திரசிகிச்சை தெரிந்த நிபுணரையே தேடுங்கள்.

எந்த வழிக்குப் போனாலும் இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், முழு இரத்தப் பரிசோதனை முதலில் முடியட்டும். பெருவிரல் குறைபாடு, கையையும் இதயத்தையும் சேர்த்துப் பாதிக்கும் ஹோல்ட்-ஓரம் போன்ற பிறவிக் கோளாறோடும் வரும், என்பு மச்சை இரத்தம் உருவாக்குவதைக் கெடுக்கும் ஃபன்கோனி இரத்தசோகையோடும் வரும். ஃபன்கோனியில் ஆரம்ப இரத்த அறிக்கை சுத்தமாக இருக்கலாம், கோளாறு சில வருடங்கள் கழித்துத் தலைகாட்டும். அதனால் நிறமூர்த்தம் உடைகிறதா என்று பார்க்கும் தனிப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். கையின் வேலை சில மாதம் பொறுக்கும், இது பொறுக்காது.