நீல விளக்கைப் பற்றிக் கேட்ட கராஜ்

கினிகத்தேனையைத் தாண்டி வட்டவளைப் பக்கமாக ஏறினால், இடது கைப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் வரும். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் லொறி டயர் இரண்டை அடுக்கி, அதில் வெள்ளைப் பெயின்டால் சிங்களத்திலும் தமிழிலும் 'ரேடியேட்டர்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. தமிழில் ஒரு கொம்பைக் காணோம். நான் டீச்சர், அதனால் இறங்கும்போதே அதுதான் கண்ணில் பட்டது. எழுத்தே இப்படி என்றால் வேலை எப்படி இருக்குமோ என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

தலவாக்கலையில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவைக் கண் கிளினிக்குக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போக வேண்டும். என் கார் ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த 1,000 சிசி சின்ன வண்டி. சூட்டைக் காட்டும் முள் அதில் இல்லை. இரண்டே விளக்குகள்தான்: எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு. நடுவில் என்ன நடக்கிறது என்று அந்த டாஷ்போர்டுக்குச் சொல்லத் தெரியாது. முள் இருக்கிற வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

டிசம்பரில் முதல் தடவை சிவப்பு எரிந்தது, கித்துல்கலை தாண்டிய ஏற்றத்தில். ஊருக்கு வந்து ஒரு கராஜில் காட்டினேன். எந்தக் கராஜ் என்று சொல்லப்போவதில்லை. "தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டாச்சு மிஸ், இனி எரியாது" என்றார்கள். 4,500 ரூபா. ஜனவரியில் திரும்பவும் எரிந்தது. இந்தத் தடவை போனது பெரிய இடம், ஏசி போட்ட காத்திருப்பு அறையெல்லாம் உண்டு. ஐந்து நிமிடம் பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கினால்தான் தெரியும், எப்படியும் 165,000 ரூபா ஆகும் என்று அச்சடித்த தாளில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்த எண்ணை என் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தேன். தாளை மடித்துக் காரின் லாச்சிக்குள் போட்டுவிட்டு, ஒரு மாதம் கடவுள் விட்ட வழி என்று ஓட்டினேன்.

பெப்ரவரியில் மூன்றாவது தடவை. சிவனொளிபாதமலை சீசன், அதுவும் சனிக்கிழமை. கித்துல்கலையிலிருந்தே யாத்திரை பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வந்தோம், ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் சிவப்பு மினுங்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிப் போய் ரேடியேட்டர் மூடியில் கையை வைக்கப் போனேன். பின்னால் வந்த ஓட்டோக்காரத் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "அக்கா, அதத் தொறந்தீங்கன்னா மூஞ்சி போயிரும்!"

அவர் சொன்னபடி நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கல்லு மாதிரி இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, தொடவே கூடாது. அது தளர்ந்த பிறகுதான் துணியைப் போட்டு, மூடியைக் கால் திருப்பு திருப்பி, 'உஸ்' அடங்கும் வரை நின்று, மீதியைத் திறந்தார். பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினில் ஒரேயடியாக ஊற்றினால் அலுமினியம் வளைந்துவிடும், வெடித்தும் போகும் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒன்றரை லீற்றர் போனது. பக்கத்திலிருந்த ரிசர்வ் போத்தலோ கழுத்து வரை நிறைந்திருந்தது. அது விசித்திரம் என்று அப்போது எனக்குப் படவில்லை.

"ரெண்டு கிலோமீட்டர்ல பாஸ் இருக்காரு. ஏசிய நிப்பாட்டிட்டு ஹீட்டர முழுசாப் போட்டுட்டு மெதுவாப் போங்க, சிவப்பு வந்தா உடனே நிப்பாட்டிருங்க." எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தைக் காருக்குள் இழுத்துக்கொள்ளத்தான் ஹீட்டர். பெப்ரவரி வெயிலில் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஹீட்டரோடு போனபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கராஜ் மெக்கானிக். அந்த டயர் அடுக்கிய கராஜின் பாஸுக்கு அறுபது வயதிருக்கும். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து ஆறிய தழும்பு. பொனட்டைத் திறக்கவில்லை. நான் டீச்சர் என்பதை அம்மா அதற்குள் சொல்லியிருந்தார்.

"டீச்சர், காலையில ஸ்டார்ட் பண்ணுனா அந்த நீல லைட்டு எவ்வளவு நேரம் எரியுது?"

அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஸ்கூல் போய்ச் சேர்ற வரைக்கும் எரியும் பாஸ்."

"எத்தன கிலோமீட்டர்?"

"ஆறு."

"அப்ப உள்ள தெர்மோஸ்டாட் இல்ல. எவனோ கழட்டிட்டான்."

நான் அசந்து போனேன். தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்னக் கதவு. இது மாதிரி வண்டிகளில் 82 டிகிரி அளவில்தான் அது திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும். கதவே இல்லையென்றால், தலவாக்கலை காலைக் குளிரில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் சூடேறாது, பெற்றோலை அள்ளிக் குடிக்கும். கொழும்பில் ஓடுகிற காருக்கு இது தெரியாமலே போகலாம். "காய்ச்சல்காரனுக்கு வைத்தியம் பாருன்னா, அவன் சட்டையக் கழட்டிட்டு அனுப்பியிருக்கான்" என்றார் பாஸ்.

அடுத்த கேள்வி: "சின்னப் போத்தல்ல தண்ணி கொறையுதா?"

"இல்ல பாஸ், வாரா வாரம் பார்ப்பேன். எப்பவும் நெறஞ்சுதான் இருக்கு."

சிரித்தார். "அதுதான் டீச்சர் வியாதி."

எஞ்சின் சூடாகும்போது தண்ணீர் பெருகி, ரேடியேட்டர் மூடி வழியாக அந்தப் போத்தலுக்குப் போகும். ஆறும்போது, மூடியின் நடுவிலுள்ள குட்டி வால்வு வழியாகத் திரும்ப உள்ளே இழுக்கப்படும். என் மூடியில் ரப்பர் வெடித்து, வால்வும் ஒட்டிப் போயிருந்தது. போன தண்ணீர் திரும்பவில்லை. போத்தல் நிறைந்து வழிந்தது, ரேடியேட்டர் காய்ந்தது. நானோ நிறைந்த போத்தலைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். இதை வாசிக்கிறவர்கள் நாளைக் காலை, வண்டி ஆறிக் கிடக்கும்போது, போத்தலை மட்டுமல்ல, மூடியைத் திறந்து ரேடியேட்டரின் வாயையும் பாருங்கள்.

மூடியில் 1.1 என்று பொறித்திருக்கும். அந்த அளவு அழுத்தம் வரும் வரை அது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் உள்ளே தண்ணீர் 120 டிகிரிக்குக் கிட்டப் போனால்தான் கொதிக்கும். நான் கணக்கு டீச்சர், பௌதிகம் என் பாடமில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த எண்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. ஏறக்குறைய 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் திறந்த பானையில் 94 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக நேரமெடுப்பது அதனால்தான். காரின் ஃபேன் சுற்ற ஆரம்பிப்பதே அந்தச் சூட்டை ஒட்டித்தான். மூடி ஓட்டையானால் கொழும்பில் எப்படியோ சமாளிக்கிற அதே கார் நம் மலையில் பொங்கிவிடும்.

சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பில் முள்ளும் இருந்தது. மூடியை அதில் மாட்டி என்னையே அடிக்கச் சொன்னார். முள் 0.3க்கு வந்து நின்றது, பிறகு எவ்வளவு அடித்தாலும் ஏறவில்லை, மூடியின் ஓரத்தில் 'ஸ்ஸ்' என்று காற்றுப் போனது. அதே பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி அடித்துவிட்டுக் கால் மணி நேரம் விட்டார். முள் அசையவே இல்லை என்றுதான் நான் நினைத்தேன். பாஸ் குனிந்து, கீழ்க் குழாயின் கிளிப்புக்குக் கீழே விரலை வைத்து, ஒரு சொட்டு ஈரத்தைக் காட்டினார்.

அப்புறம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கிய சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, நீலத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிக் காற்றை இழுத்தார். ஹெட் காஸ்கெட் போயிருந்தால் எரிந்த புகை தண்ணீருக்குள் வரும், அது பட்டால் நீலம் மஞ்சளாகிவிடும். குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. 165,000 ரூபாவை அந்தக் குழாய்க்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா முருகனைக் கூப்பிட்டார். பத்து நிமிடமாகியும் நீலம் நீலமாகவே இருந்தது.

தெர்மோஸ்டாட் அட்டனிலிருந்து பஸ்ஸில், கொண்டக்டர் கையில் வர வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம். இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார்கள். நன்றாக இருந்தது, நான் பிளேன்டீ விஷயத்தில் இலேசில் பாராட்டுகிற ஆளில்லை.

காத்திருந்த நேரத்தில் ஒரு வேன் வந்தது. செக் எஞ்சின் விளக்குக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார் ஓட்டுநர். பாஸ் அந்த டேப்பைப் பிய்த்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பாடம் எடுத்தார். அந்த மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால் மெதுவாக ஓட்டிவந்து காட்டலாம். விட்டுவிட்டு மினுங்கினால் சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை, காலைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தப்படுத்துகிற கன்வேர்ட்டர் வெந்துவிடும். எண்ணெய்க் குடம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரைகூடப் போகக் கூடாது, அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். பெட்டரி விளக்கும் சூட்டு விளக்கும் ஒன்றாக எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார். பல வண்டிகளில் ஒரே பெல்ட்தான் பெட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஆல்டர்னேட்டரையும் தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. எனக்குத் தனியாகச் சொன்னது: ஏற்றத்தில் ஓட்டோ கியரை 'டி'யில் விட்டு முக்கவிடாமல் 'எஸ்'ஸுக்கு மாற்று, எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும். சத்தம் கூடுகிறதே என்று நான் இத்தனை நாள் நேர்மாறாகச் செய்திருக்கிறேன்.

தழும்பைப் பற்றியும் கேட்டேன். பதினேழு வயதில், கையாளாக இருந்தபோது, ஒரு லொறியின் மூடி. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

பில்: மூடி 2,200, தெர்மோஸ்டாட் 4,800, கூலன்ட் (வெறும் தண்ணீருக்குப் பதிலாக ரேடியேட்டரில் விடும் திரவம்) 5,200, கூலி 3,000. மொத்தம் 15,200 ரூபா. கழற்றிய சாமான்களை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். பழைய மூடியின் ரப்பர் வெடித்த குதிகால் மாதிரி இருக்கிறது. குழாயில் இருந்த துருத் தண்ணீரை வடித்து இரண்டு தடவை கழுவித்தான் கூலன்ட் விட்டார். வழியில் அவசரத்துக்கு ரோட்டோரப் பீலித் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் அதையே மாதக்கணக்கில் வைத்திருக்காதே என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழிவறை இல்லை, அம்மாவைப் பக்கத்துக் கடைக்குத்தான் கூட்டிப்போனேன். கார்ட் எடுக்கமாட்டார்கள். பில் கேட்டால்தான் எழுதுவார்கள். கூரை ஒழுகும், வட்டவளை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபோனை எடுக்கவே மாட்டார். ஹைபிரிட் வண்டியைத் தொடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பாஸ் திட்டவும் செய்வார், டீச்சர் என்றும் பார்க்கமாட்டார். புதிதாகப் போட்ட கிளிப் ஒன்று இரண்டு வாரத்தில் லேசாகக் கசிந்தது, திரும்பப் போக வேண்டியிருந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை, ஆனால் எனக்கு ஒரு சனிக்கிழமை போனது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை கொழும்புக்குப் போய் வந்துவிட்டோம். சிவப்பு எரியவில்லை. காலையில் நீலம் கோயில் வளைவு வருவதற்குள் அணைந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு. காசாகக் கொண்டு போங்கள், காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். கிளிப்புக்காகப் போன அன்று, அந்த டயரில் விடுபட்ட கொம்பை நானே போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். ஆளுங்க அத வச்சுத்தான் எடத்துக்கு வழி சொல்றாங்க."