மண்டையிடிக்குக் காரணம் ரத்தக்குழாயா, நரம்பா?

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் ஒற்றைத் தலைவலி வந்துவிட்டால், தட்டை ஓரமாக வைத்துவிட்டு ஈரத்துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டுவார்கள். "பொட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்கு மதினி" என்பார்கள். தெறிக்கும் அந்த நெற்றிப்பொட்டில் தமனி ஓடுகிறது. அதனால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழும்.

மருத்துவமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. 1938ல் கிரஹாம், உல்ஃப் என்ற இரு மருத்துவர்கள், ரத்தக்குழாயைச் சுருக்கும் எர்கோடமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பொட்டுத் தமனியின் துடிப்பு அடங்க அடங்க வலியும் அடங்கியது. குழாய் விரிவதால் வலி, சுருக்கினால் சுகம் என்று முடிவுகட்டினார்கள்.

நரம்புக் கட்சி சொல்வது வேறு. மூளையுறைக்கு உணர்வு தருவது, முகத்துக்கும் உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பு. அதன் மெல்லிய சி இழைகள் சிஜிஆர்பி என்ற சிறு புரதத்தைக் கசியவிடுகின்றன. பக்கத்திலுள்ள, சற்றே தடித்த ஏ-டெல்டா இழைகளில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. புரதம் அங்கே ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் கூடுகிறது, நரம்பு சட்டென்று சீறும் நிலைக்குப் போகிறது. சும்மா குனிந்தாலே மண்டை பிளப்பது இப்படித்தான். வலி உச்சத்தில் இருந்தவர்களின் கழுத்துச் சிரை ரத்தத்தில் சிஜிஆர்பி கூடியிருந்ததை 1990ல் கோட்ஸ்பி, எட்வின்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்போ அந்தத் துடிப்பு? நோயாளிகளின் வலித் துடிப்பையும் நாடியையும் சேர்த்துப் பதிவு செய்து பார்த்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை, வலி நாடியைவிட மெதுவாகத் துடித்தது. எனக்கு இது ஒன்றே பெரிய சாட்சி. இன்னொன்று 2018ல் வந்த எரெனுமாப் ஊசி. சிஜிஆர்பி ஏற்பியை அடைக்கும் இந்த எதிர்ப்புரதம் மிகப் பெரியது, மூளைக்குள் அநேகமாக நுழையாது. இருந்தும் பலருக்கு வலி வரும் நாட்களைக் குறைக்கிறது. அப்படியானால் அது வேலை செய்யும் இடம் மூளைக்கு வெளியே, மூளையுறையிலும் நரம்பு முடிச்சிலும்தான் இருக்க வேண்டும்.

ஆனாலும் குழாயை அடியோடு தள்ளிவிட முடியாது. குழாய்ச் சுவர்த் தசையில் உள்ள ஒருவகைப் பொட்டாசியம் வாயிலைத் திறந்து குழாயை விரிக்கும் லெவ்குரோமகலிம் மருந்தை 2019ல் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 16 பேருக்குக் கொடுத்தார்கள், 16 பேருக்கும் வலி வந்தது. வலியைக் கத்திச் சொல்வது நரம்பு, கிளப்பிவிடுவதில் குழாய்க்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மாத்திரை எழுதும்போது இந்த வித்தியாசம் நேரடியாகத் தெரியும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சுமாட்ரிப்டான் மாத்திரை நரம்பையும் அடக்கும், குழாயையும் சுருக்கும். அதனால் மாரடைப்பு வந்த ஆச்சிக்கு அதைத் தரமாட்டார்கள். 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாஸ்மிடிட்டான் குழாயைச் சுருக்காமலே வலியைத் தணிக்கிறது. ஆனால் மயக்கமும் தூக்கமும் தரும், மாத்திரை போட்டபின் 8 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது.