பட்டறையில் தீயணைப்பான்: ஐந்து வருட அனுபவம்

டவுன் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அல்வா, மிக்சர் பட்டறை. லைசென்ஸுக்கு வேண்டுமே என்று 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று வாங்கி, அடுப்புக்குப் பின்சுவரில் மாட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

இரண்டாவது தீபாவளிக்கு முந்தின ராத்திரி முறுக்குச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. சிலிண்டரை எடுக்க அந்தத் தீயைத் தாண்டித்தான் போகவேண்டும்! பையன் ஒருத்தன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஏலே, தண்ணிய ஊத்திராதலே!" என்று கத்தினார் மாஸ்டர். கேஸை அடைத்துவிட்டு, பெரிய இரும்பு மூடியைத் தன் பக்கத்து ஓரத்திலிருந்து தள்ளிச் சட்டியை மூடினார். அரை மணி நேரம் யாரையும் திறக்க விடவில்லை. தண்ணீர் ஊற்றியிருந்தால் அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வீசியிருக்கும்.

மறுநாளே சிலிண்டரை வாசல் பக்கம் மாற்றினேன். ஏபிசி பவுடர் அட்டைப்பெட்டி, விறகுக்கெல்லாம் நல்லது. எண்ணெய்த் தீயை அமுக்கும், ஆனால் எண்ணெயின் சூட்டைத் தணிக்காது, மறுபடி பற்றலாம். அதனால் அடுப்பு இருக்கும் அறைக்கு, சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள கே வகை ஒன்று தனியாக வாங்கினேன். விலை உறைக்கத்தான் செய்தது.

பவுடரை ஒரு தடவை அடித்தும் பார்த்தாயிற்று. ஃப்ரீசர் பிளக் புகைந்து எரிந்தபோது மெயினை அணைத்துவிட்டு அடித்தோம். சில நொடிகளில் தீ அடங்கிவிட்டது. ஆனால் தட்டுகளில் ஆறவைத்திருந்த மிக்சர் முழுக்க வெள்ளைத்தூள், அத்தனையும் குப்பைக்குப் போனது. இப்போது ஃப்ரீசர் பக்கம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கிறது. அது தூள் விடாது. அழுத்தம் காட்டும் முள் மீட்டரும் கிடையாது, வாயு குறைந்திருக்கிறதா என்று எடை போட்டுத்தான் பார்க்கவேண்டும். அடிக்கும்போது வாயு வெளியே வரும் அதன் கொம்பைப் பிடித்தால் குளிரில் கை வெந்துபோகும்.

சர்வீஸ்தான் பெரிய தலைவலி. போன வருடம் ஒருவர் வந்து பில் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். அப்புறம் பார்க்கிறேன், ஹோஸ் வாயில் குளவி கட்டிய மண்கூடு அப்படியே இருக்கிறது. மனுஷன் ஆணியிலிருந்து இறக்கியே பார்க்கவில்லை! இப்போது மாதம் முதல் தேதி நானே இறக்கிவிடுகிறேன். முள் பச்சையில் நிற்கிறதா, சீல் அறாமல் இருக்கிறதா என்று பார்த்து, பவுடர் கட்டிதட்டாமல் இருக்கத் தலைகீழாக இரண்டு குலுக்கு. குளவி மட்டும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.