நியூவார்க் சந்தையில வாங்குன பழைய பீர் பேரல்: தட்டிப் பாக்காம வாங்காதீங்க

நான் இங்கிலாந்துல டெர்பி பக்கம் இருக்கேன். பீர் காய்ச்சுற பழைய கம்பெனிங்களோட (இங்க புரூவரிம்பாங்க) ஸ்டோன்வேர் ஜாடி, பேரல், அதாவது ரொம்ப சூட்டுல சுட்ட கெட்டி மண்பாண்டம், சேக்குற கிறுக்கு மூணு வருஷமா புடிச்சிருக்கு, வீட்டுல வைக்க இடமில்லன்னு திட்டு விழுந்தாலும் நியூவார்க் ஆண்டிக் ஃபேர்னு இங்க நடக்குற பழம்பொருள் சந்தை வந்துட்டா கால் சும்மா நிக்காது. 84 ஏக்கர் மைதானம், 2500 கடை வரைக்கும் போடுவாங்க, மழை பேஞ்சா சேறு. பூட்ஸ் போட்டுட்டு போங்க.

இந்த தடவை வாங்குனது 2 கேலன் பேரல், நம்ம கணக்குல 9 லிட்டர் புடிக்கும். அந்தக் காலத்துல பெருசா பீர் அனுப்புனதெல்லாம் மரப்பீப்பாயிலதான், இந்த மாதிரி சின்னது வீட்டுக்கு வாங்கிட்டு போறதுக்கும் கடை மேசையில வச்சு ஊத்துறதுக்கும். காலி பண்ணிட்டு திருப்பிக் குடுக்கணும்னு இருந்துச்சு, அதனாலதான் புரூவரி பேரை மண்ணு ஈரமா இருக்கும்போதே குத்தி வச்சுருவாங்க. என்னோடதுல பேரோட நாலாவது எழுத்து மட்டும் கொஞ்சம் சாஞ்சு ஆழமா இறங்கியிருக்கு, எவனோ ஒருத்தன் அவசரத்துல அமுக்கியிருக்கான். எனக்கு இதுல புடிச்சதே அந்த ஒரு எழுத்துதான், காசு குடுத்தது அதுக்குன்னு கூட சொல்லலாம்.

மேல பாதி தேன் கலரு, கீழ பாதி பால் கலரு. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "என்னடா இது, ஊறுகா ஜாடிக்கு குழாய் வச்சிருக்கான்"னு சொல்லிட்டாங்க. சொன்னது ரொம்ப தப்பில்ல, நம்ம வீட்டு ஊறுகா ஜாடியும் இதே ரெண்டு கலருதான். இந்த பளபளப்புப் பூச்சை இங்க பிரிஸ்டல் கிளேஸ்னு சொல்வாங்க, 1835 வாக்குல பிரிஸ்டல்ல வில்லியம் பவல்னு ஒருத்தர் கொண்டு வந்தது, ஈயம் கிடையாது. அதுக்கு முன்னாடியெல்லாம் சூளை நல்லா சிவந்து கொதிக்கும்போது உப்பை அள்ளி உள்ள வீசுவாங்க, அது ஆவியாகி மண்ணுல ஒட்டி ஆரஞ்சுப்பழத் தோல் மாதிரி சொரசொரன்னு ஆயிரும். தடவிப் பாத்தாலே ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிரும்.

இப்ப கடைக்கு வர்றேன். கடைக்காரரு "விக்டோரியா ராணி காலத்துது, 90 பவுண்டு"ன்னாரு. திருப்பிப் பாத்தா அடியில பிரைஸ் பவல், பிரிஸ்டல்னு முத்திரை. பிரைஸ் தனி பவல் தனி மண்பாண்டக் கம்பெனியா இருந்து, 1906லதான் ஒண்ணா சேந்தாங்க, ராணியோ 1901லயே போயிட்டாங்க. மெதுவா அதைச் சொன்னேன், மனுஷன் சிரிச்சுட்டு 65க்கு இறங்கிட்டாரு. இந்த முத்திரை படிக்கிற பழக்கம் மட்டும் இருந்தா போதும், பாதி ஏமாத்து வேலை நடக்காது. லண்டன்ல இருந்த இன்னொரு மண்பாண்டக் கம்பெனியோட முத்திரை டோல்டன் அண்ட் வாட்ஸ், லாம்பெத்னு இருந்தா 1850கள் நடுப்பகுதிக்கு முன்னாடி, வெறும் டோல்டன்னா அதுக்கப்புறம். இங்கிலாந்துன்னு நாட்டுப் பேரு போட்டிருந்தா பெரும்பாலும் 1891க்கு அப்புறம், அமெரிக்காக்காரன் எந்த நாட்டுல செஞ்சதுன்னு எழுதியே ஆகணும்னு சட்டம் போட்டதால வந்த வழக்கம் அது.

இவ்வளவு தெரிஞ்ச நான் பண்ண முட்டாள்தனம் என்னன்னா தட்டிப் பாக்கல. ஊர்ல மண்பானை வாங்கினா கூட நாலு தட்டு தட்டாம வாங்க மாட்டோம், இங்க பேரம் ஜெயிச்ச சந்தோஷத்துல மடியில தூக்கி வச்சுக்கிட்டு காருக்கு ஓடி வந்துட்டேன். வீட்டுல வந்து விரலை மடக்கி தட்டுனா கணீர்னு வரவேண்டியது தொப்புன்னு வருது. ராத்திரி தண்ணி ரொப்பி பழைய பேப்பர் மேல வச்சேன், காலையில குழாய் ஓட்டையைச் சுத்தி பேப்பர் நனைஞ்சு வட்டம் போட்டிருக்கு. பித்தளைக் குழாய் பின்னாடி எவனோ கார்க் வச்சு அடிச்சு ஏத்தியிருக்கான், அங்கிருந்து முடி மாதிரி ஒரு விரிசல் மேல ஓடுது. அழுக்கையும் மெழுகையும் தேய்ச்சு அதை மறைச்சிருக்காங்க, கடைக்காரருக்குத் தெரியாம இருந்திருக்க வாய்ப்பே இல்ல.

பில்லுல நம்பர் இருந்தது, போட்டோ அனுப்பினேன், ரெண்டு நாள் சத்தமே இல்ல, அப்புறம் 20 பவுண்டு திருப்பி அனுப்புனாரு. முழுசா திருப்பிக் கேட்டிருக்கலாம், ஆனா பேரலை திருப்பி அனுப்ப மனசு வரல, அந்த சாஞ்ச எழுத்து இருக்கே.

பேரலுக்கு அஞ்சுக்கு நாலு, கடைக்கு ரெண்டு. குழாயை மட்டும் கழட்டப் போகாதீங்க, திருகுனா விரிசல் இன்னும் ஓடும், நான் அப்படியே விட்டுட்டு சமையல்கட்டு ஓரத்துல வச்சு உள்ள மரக்கரண்டி போட்டு வச்சிருக்கேன்.