புதுப்பேட்டை டைனமோ கடையும் அப்பாவின் மாருதி 800-ம்

புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், பழைய கதவுகளை அடுக்கி வைத்திருக்கும் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் 'செல்ஃப் – டைனமோ – வைண்டிங்' என்று மட்டும் எழுதியிருக்கும். போன மாதம் அங்கே இரண்டு முறை போய்வந்தேன். எங்கள் காரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை (கடைப் பேச்சில் டைனமோ) வீட்டிலேயே கழற்றிப் பிரித்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி, திரும்ப நானே மாட்டினேன். அந்தக் கடை இல்லையென்றால் பாதியில் நின்றிருப்பேன். அதனால்தான் இந்தக் கடையைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

கார் அப்பாவுடையது. 2008-இல் வாங்கிய மாருதி 800. 2010 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ்-4 விதி வந்ததும் சென்னையில் இந்த வண்டி விற்பனையே நின்றுபோனது. எங்களுடையது அதற்கு முந்தியது. பதினைந்து வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டி, பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் எல்லோரும் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அன்று எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் வண்டி தெருவிலேயே தண்ணீரில் நின்றது. ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆல்டர்னேட்டரை அப்போது யாரும் திறந்து பார்க்கவில்லை.

போன மாதம் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது. இன்ஜின் ஓடும்போது அது அணைந்திருக்க வேண்டும். கூடவே பெல்ட் பக்கத்திலிருந்து மாவு மில்லில் வருவது போல ஓர் இரைச்சல். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.4 வோல்ட், ஓடும்போது 12.1. ஹெட்லைட் போட்டால் 11.8. சார்ஜ் ஏறினால் 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஓடும்போது குறைகிறது என்றால், வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு அருகில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “செட்டோடு மாத்திடணும் சார், 7,800 ஆகும்” என்றார்கள். எது போயிருக்கிறது என்று கேட்டதற்கு, “அதெல்லாம் பிரிக்கிறதில்ல மேடம்” என்று பதில் வந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. பதினோராம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இருபது வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலை வருடம் தவறாமல் போர்டில் வரைகிறேன். அந்தப் படம் அப்படியே இரும்பும் செம்புமாக உள்ளே இருக்கிறது. நடுவில் சுற்றும் ரோட்டர், அதற்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன், சுற்றிலும் ஸ்டேட்டர் கம்பிச்சுருள், அதில் வரும் ஏ.சி.யை டி.சி.யாக்க ஆறு டயோடு, எவ்வளவு வேண்டும் என்று அளந்து விட ஒரு ரெகுலேட்டர். பழைய மெக்கானிக்குகள் அந்த ரெகுலேட்டரை இன்னும் 'கட்அவுட்' என்றுதான் சொல்கிறார்கள். இவற்றில் சுற்றுவதும் உரசுவதும்தான் முதலில் தேயும். அதாவது கார்பனும், ரோட்டரைத் தாங்கும் பேரிங்கும். இரண்டுமே நூற்றுக்கணக்கில் விலை, ஆயிரக்கணக்கில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா டார்ச் பிடிக்க, கழற்ற ஆரம்பித்தேன். முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுப்பது. ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த வயர் நேராக பேட்டரி பாசிட்டிவிலிருந்து வருகிறது, சாவி ஆஃப் செய்தாலும் அதில் கரண்ட் உண்டு. ஸ்பேனர் அதிலும் பாடியிலும் ஒரே நேரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, 'வண்டி நிக்குதா பார், நின்னா டைனமோ போச்சு' என்று சோதிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் எப்படியோ ஓடிவிட்டது. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் தயவுசெய்து செய்யாதீர்கள். சுமை திடீரென்று விலகினால் வோல்டேஜ் எகிறி, டயோடையும் கம்ப்யூட்டரையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும்.

பெல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுகளை எடுத்ததும் ஆல்டர்னேட்டர் கையோடு வந்துவிட்டது. தகட்டில் லூகாஸ் டி.வி.எஸ். என்று இருந்தது. “பாடி கம்பெனிடா இது, 1961-ல ஆரம்பிச்சது” என்றார் அப்பா. சென்னையில் பாடிப் பக்கம் பஸ்ஸில் வேலைக்குப் போன காலம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

முன்பாதியும் பின்பாதியும் எந்த நிலையில் சேர்ந்திருக்கின்றன என்பது தெரிய, குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். பிறகு நீளத் திருகுகளை எடுத்துப் பிரித்தேன். உள்ளே கரி படிந்து, மசாலா டப்பாவைத் திறந்தது போலத் தூள் பறந்தது. கார்பன் ஒன்றில் மிச்சம் இருந்தது 4 மி.மீ. தான். அது ரோட்டர் தண்டில் இருக்கும் ஸ்லிப் ரிங் என்ற செம்பு வளையத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது, விளக்கு மங்கலாக எரிந்ததற்குக் காரணம் அதுதான். பின் பேரிங்கை விரலால் சுற்றினால் உள்ளே மணல் நறநறப்பது தெரிந்தது. தண்ணீரில் நின்ற அந்த இரண்டு நாளில் கிரீஸ் போயிருக்க வேண்டும்.

மற்றதை மீட்டரில் பார்த்தேன். இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கு நடுவே 3 ஓம் அளவில் வந்தது, நல்ல கணக்கு. ரிங்கிலிருந்து ரோட்டர் தண்டுக்கு எதுவும் காட்டவில்லை, ஆக எர்த் ஆகவில்லை. டயோடுகள் ஒரு பக்கம் 0.5 வோல்ட் அளவு காட்டி மறுபக்கம் திறந்தே இருந்தன. ஸ்டேட்டர் சுருளில் கருகல் வாடை இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், பப்ளிக் எக்ஸாம் ரிசல்ட் அன்று வருமே, அந்த மாதிரி.

ஆனால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் நட்டு அசையவில்லை. பேரிங்கை இழுக்க என்னிடம் புல்லரும் இல்லை. சுத்தியலால் தட்டி எடுக்கலாம் என்றார் எதிர்வீட்டு அண்ணன். தட்டினால் அலுமினிய மூடி விரிசல் விடும், வேண்டாம் என்றுவிட்டேன்.

திங்கள் மதியம் அரை நாள் லீவு போட்டு, எல்லாப் பாகங்களையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினேன். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி கூவத்தைத் தாண்டி நடந்தால் புதுப்பேட்டை. கார் ஓடாதபோது காரின் பாகத்தை ரயிலில் கொண்டுபோக முடிகிற ஊர் இது, அந்த வசதி பெரிது. முதலில் ஏறிய இரண்டு கடைகளில், “பிரிச்ச சாமானை நாங்க தொடமாட்டோம்” என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதுதான் இந்தக் கடை.

கடைக்காரர் அறுபதைத் தாண்டிய பாய். பையைத் திறந்து பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. “யாரும்மா பிரிச்சது?” என்றார். நான்தான் என்றேன். நெயில் பாலிஷ் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “கோடு போட்டிருக்கியே, அதுவே பாதி வேலை” என்றார். பிறகு தன் மீட்டரில் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார்: கார்பன், ரெண்டு பேரிங்கு, வேற ஒண்ணும் வேணாம்.

நட்டை ஏர் கன்னில் ஒரே நொடியில் எடுத்தார். புல்லர் போட்டு பேரிங் இழுத்ததைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். அடுத்து ஸ்லிப் ரிங்கைக் காட்டினார். கார்பன் ஓடிய இடத்தில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருந்தது. ரோட்டரைச் சின்ன லேத்தில் மாட்டி நூலளவு சீவி, மெல்லிய எமரி பேப்பரை ரிங்கின் மேல் வைத்து ஓடவிட்டார். கறுத்துக் கிடந்த செம்பு, புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மெல்ல மெல்லச் சிவந்து மின்னியது. புதுக் கார்பனைப் பள்ளத்தின் மேல் உட்கார வைத்தால் ஆறு மாதத்தில் தின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே துணியால் துடைத்துக் கொடுத்தார். இந்த வேலை எனக்குத் தோன்றவே இல்லை, அவர் சொல்லாவிட்டால் விட்டிருப்பேன்.

பேரிங் விஷயத்திலும் அப்படித்தான். அதன் மூடியில் எண் பொறித்திருக்கும். என் வண்டியில் முன்னால் 6302, பின்னால் 6201. உங்கள் வண்டிக்கும் அதேதான் என்று நம்பி வாங்காதீர்கள், கழற்றியதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கடைசி இரண்டு இலக்கம் உள் விட்டத்தைச் சொல்லும். 02 என்றால் 15 மி.மீ., 01 என்றால் 12. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்.எஸ். என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி, இசட்.இசட். என்றால் தகடு. தண்ணீர் நிற்கிற ஊருக்கு ரப்பர் மூடிதான் நல்லது என்று பாய் அதையே எடுத்துக் கொடுத்தார்.

அவருக்குக் கொடுத்தது: பேரிங் இரண்டுக்கும் 430 ரூபாய், கார்பனோடு சேர்ந்த ரெகுலேட்டர் 380, லேத் வேலையும் புல்லர் வேலையும் சேர்த்து 250. மொத்தம் 1,060. “நானே மாட்டித் தரட்டுமா, நீயே மாட்டிக்கிறியா?” என்று கேட்டார். நானே மாட்டுகிறேன் என்றதும், முன் பேரிங்கை மட்டும் பிரஸ்ஸில் உட்கார வைத்து, “இது வீட்ல சரியா வராது டீச்சர்” என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வீட்டில் பின் பேரிங்கை நானே ஏற்றினேன். ரோட்டரை ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தேன், தண்டு ஒரு பொட்டு சுருங்கும். பழைய சாக்கெட் ஒன்றைப் பேரிங்கின் உள் வளையத்தின் மேல் மட்டும் படும்படி வைத்துத் தட்டினேன். வெளி வளையத்தில் தட்டினால் உள்ளே குண்டுகள் அடிபடும். அடுத்தது கார்பன். ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அப்படியே ரோட்டரை நுழைத்தால் உடைந்துவிடும். பின் மூடியில் இதற்கென்றே ஒரு சின்னத் துளை இருக்கிறது. கார்பனை உள்ளே அமுக்கி, துளை வழியாக அம்மாவின் கொண்டை ஊசியை நீட்டித் தடுத்து வைத்தேன். இரண்டு பாதியையும் கோட்டுக்குக் கோடு சேர்த்து முடுக்கிவிட்டு ஊசியை உருவினேன். உள்ளே 'டிக்' என்று கார்பன் ரிங்கில் உட்காரும் சத்தம் கேட்டது. கையால் சுற்றிப் பார்த்தால் புடவைப் பட்டு நழுவுவது போல ஓடியது.

மாட்டி, பெல்ட்டின் நீளப் பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குள் இறங்கும்படி இறுக்கி, ஸ்டார்ட் செய்தேன். விளக்கு அணைந்தது. இரைச்சல் இல்லை. ஆனால் மீட்டர் 15.2 காட்டியது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் இன்னும் ஏறியது. அப்படியே ஓட்டினால் பேட்டரியில் தண்ணீர் கொதித்து வற்றிவிடும், பல்புகள் போகும். உடனே நிறுத்திவிட்டேன். புது ரெகுலேட்டர்தான் தப்பு.

மறுபடி கழற்றி, மறுபடி ரயில். இங்கேதான் அந்தக் கடையின் மீது எனக்குள்ள ஒரே குறை. 380 ரூபாய்க்குக் கொடுத்தது டூப்ளிகேட். ஒரிஜினல் 720-க்கு இருந்திருக்கிறது, அதை முதல் நாளே சொல்லி என்னைத் தேர்ந்தெடுக்க விட்டிருக்கலாம். அதை அவரிடமே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. “எல்லாரும் விலைதான் கேக்குறாங்க, பழக்கத்துல எடுத்துக் குடுத்துட்டேன்” என்றார். ஒரிஜினலைத் தானே மாற்றி, முதலில் கொடுத்த 380-ஐக் கழித்துக்கொண்டு மிச்சம் மட்டும் வாங்கினார். இந்த முறை ஆல்டர்னேட்டரை அவருடைய டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, மோட்டாரை ஓட்டி, ஹெட்லைட் பல்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காட்டினார். முதல் பல்புக்கும் கடைசி பல்புக்கும் வோல்ட் மீட்டரின் முள் அதே இடத்தில் நின்றது. முதல் நாளே பெஞ்சில் போடச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் போனால் முழுதாகச் சேர்த்து எடுத்துப் போய், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஐட்லிங்கில் 14.2. ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டாலும் 13.9. மூன்று வாரமாக இதே கணக்கு.

இன்னும் சில விவரங்கள். பில் கிடையாது, துண்டுச் சீட்டில் எழுதித் தருவார், அதையே காட்டினால் ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருகிறார். காரை நிறுத்த இடமே இல்லை, பாகத்தை மட்டும் கொண்டுபோவது உத்தமம். காலை பத்தரைக்குத் திறக்கிறார்கள், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மூடியிருக்கும். உள்ளே உட்கார ஒரு ஸ்டூல்தான், ஆனால் நின்று பார்க்கிறவர்களை யாரும் விரட்டுவதில்லை. டயோடு பிளேட் மாற்றும் வேலை இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்டேட்டர் கம்பியை எடுத்துத் திரும்பப் பற்றவைக்கும்போது சூடு கூடினால் டயோடு போய்விடும், வீட்டு சால்டரிங் அயர்னில் அது சரிவரச் செய்கிற வேலை இல்லை.

இரண்டாம் முறை கிளம்பும்போது, பாய் என் பழைய கார்பன் இரண்டையும் ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தார். “பசங்களுக்குக் காட்டு டீச்சர்.” இப்போது லேபில் காந்தங்கள் வைத்திருக்கும் டிராயரில் இருக்கின்றன.