மண்ணில்லாத் தோட்டம்: பெட்டியா, பைப்பா, நார்க்கழிவா?

மொட்டைமாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த செட் வாங்கலாமுங்க?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டில் வருவது சிறுவாணி மாதிரி நல்ல தண்ணியா, போர் தண்ணியா? மண்ணில் நட்டால் தண்ணீரின் கோளாறில் பாதியை மண் தாங்கிக்கொள்ளும், இங்கே வேர் நேராகத் தண்ணீரிலேயே கிடக்கிறது.

சிறுவாணியில் உப்பு குறைவு, அதனால் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ் மீட்டரில் நாம் கரைக்கிற சத்துதான் ஏறும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் அந்த மீட்டரை விட்டால் 1,400 காட்டுகிறது. சாலட்டுக்குப் போடும் லெட்யூஸ் கீரைக்குச் சத்து கரைத்த பிறகே 400 முதல் 600 வரை இருந்தால் போதும். அதாவது ஒரு சொட்டு உரம் போடுவதற்கு முன்பே அளவு தாண்டிவிட்டது. தண்ணீரின் புளிப்பு, கார அளவைச் சொல்லும் பிஹெச்சும் நிற்காது. 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்க வேண்டியதை நீங்கள் அமிலம் விட்டு இறக்கி வைப்பீர்கள், தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் அதை மறுபடி மேலே இழுத்துவிடும். அப்புறம் இலை மஞ்சளடிக்கும், நாம் உரம் பத்தவில்லை என்று இன்னும் கொட்டுவோம். ஐப்பசி மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரில் செய்யுங்கள். செட்டுக்கு முன்னால் மீட்டர் வாங்குங்கள்.

சரி, இப்போது முறைகளுக்கு வருவோம்.

முதல் முறை, ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த பெர்னார்ட் கிராட்கியின் பெயரிலேயே வழங்கும் கிராட்கி முறை. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. மீன் கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, உள்ளே கறுப்பு பாலித்தீன் விரித்து, சத்துத் தண்ணீர் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு, செடி வைக்கிற வலைக் கப்பை (நெட் கப்) இறக்கினால் முடிந்தது. ஒரு லெட்யூஸ் செடி அறுவடை வரை சுமார் 4 லிட்டர் குடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்று நட்டு இருபது நாள் கழித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் நாலு விரல் இறங்கியிருக்கும், அந்த இடைவெளியில் வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி பூத்திருக்கும். அது காற்றை வாங்குகிற வேர். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், தண்ணீர் குறைந்துவிட்டதே என்று பாசமாக விளிம்பு வரை ஊற்றி அந்த வேரை மூழ்கடித்துவிடுகிறார்கள், இரண்டு நாளில் செடி தொங்கிவிடும். கொஞ்சம் ஊற்றலாம், வெள்ளை வேர் நனையக்கூடாது. இன்னொன்று, கப்புக்கும் மூடிக்கும் நடுவில் சந்து இருந்தால் டெங்கு கொசு உள்ளே போய் முட்டை வைக்கும், டேப் போட்டு அடைத்துவிடுங்கள்.

இரண்டாவது, எல்லோர் கண்ணையும் பறிக்கிற பைப் செட். இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் 1960-களில் உருவாக்கிய என்.எஃப்.டி முறை இது. லேசான சரிவில் வைத்த குழாய்க்குள் சத்துத் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும். பத்தடி பைப்புக்கு மூன்று அங்குலம் இறக்கம் கொடுத்தால் சரியாக ஓடும். நன்றாக ஓடும்போது இதை அடிக்க ஆளில்லை, சின்ன இடத்தில் நிறையச் செடி வைக்கலாம். நான் முதலில் வாங்கியதும் இதுதான், 36 குழி. விற்றவர் கரண்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது. சித்திரை மாதம், பராமரிப்பு வேலை என்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் செய்து, "கண்ணு, உன்ற செடியெல்லாம் வெந்த கீரையாட்டக் கிடக்குது" என்றார். சொம்பில் மொண்டு ஒவ்வொரு குழியாக ஊற்றியும் பார்த்திருக்கிறார், பாவம். குழாயில் நிற்கிற தண்ணீர் கிடையாது, வெயிலில் வேர் காய்ந்தால் காய்ந்ததுதான். இன்வெர்ட்டர் லைன் மாடிக்கு இழுக்க முடியாதவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

மீன் தொட்டி ஏர் பம்ப் வைத்த பக்கெட் முறை இரண்டுக்கும் நடுவில். கரண்ட் சில மணி நேரம் போனாலும் வேர் தண்ணீரில்தான் இருக்கும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும், பங்குனி, சித்திரையில் வேர் பழுப்பாகி நாற்றமடிக்கும். நிழலில் வைக்க இடமிருந்தால் செய்யுங்கள்.

தக்காளி, மிளகாய், கத்தரி வேண்டுமென்றால் நேராகத் தென்னை நார்க்கழிவுக்கு வந்துவிடுங்கள். பொள்ளாச்சியை வைத்துக்கொண்டு நாம் வேறு எதைத் தேட வேண்டும்? ஐந்து கிலோ கட்டி ஒன்றை ஊறவைத்தால் ஐந்தாறு குரோ பேக் நிறையும். வாங்கும்போது "லோ ஈசி", அதாவது உப்பு குறைந்த கட்டி என்று கேட்டு வாங்குங்கள், கழுவாத கட்டியில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். லோ ஈசி என்றாலும் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து அலசுங்கள், இல்லையென்றால் நார் கால்சியத்தைத் தானே பிடித்துக்கொண்டு தக்காளியின் அடி கறுக்க வைக்கும். நார் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் காலையும் மாலையும் கையால் ஊற்றியே ஓட்டலாம், கோடையில் மதியம் ஒரு தடவை கூட. போர் தண்ணீரையும் மற்ற முறைகளைவிட இது கொஞ்சம் தாங்கும், பையின் அடியில் வழிகிற அளவு ஊற்றி உப்பை வெளியே தள்ளினால் சரி. ஆடிக் காற்று மட்டும் கவனம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றுக்கு நார் நிரப்பிய பை எடை போதாது, காய்த்த செடியோடு சாய்த்துவிடும், கம்பியில் கட்டிவிடுங்கள்.

எந்த முறையானாலும் ஏ, பி என்று வருகிற இரண்டு சத்துக் கரைசலையும் செறிவாக ஒன்றாகக் கலக்காதீர்கள், கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து அடியில் மாவாகப் படிந்துவிடும். முதலில் தண்ணீர், அதில் ஏ, கலக்கிவிட்டு அப்புறம் பி.

இப்போது நான் வைத்திருப்பது நாலு தெர்மாகோல் பெட்டியும் எட்டு நார்ப் பையும். பெட்டியில் புரட்டாசி முதல் மாசி வரை லெட்யூஸும் பாலக்கும், பையில் மிளகாய். வெயில் காலத்தில் லெட்யூஸ் கசந்து பூவெடுத்துவிடும், அப்போது கொடிப்பசலை போட்டுக்கொள்வேன். அறுவடை முடிந்து பெட்டியில் மிஞ்சுகிற தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், இன்னும் சத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் அது வாசல் முருங்கைக்குப் போகிறது.